சுமந்திரனுக்குத் தெரியாதது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதிகாசப் பாத்திரங்கள் தம் கதையைத் தாமே சொல்வதுபோல் அமைந்த சிறுகதைகளைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் சில மாதங்களாகப் படித்துவருகிறோம். வாசகர்களும் எழுதி அனுப்பலாம் என்று இப்போது அறிவித்திருக்கிறீர்கள். கம்பனையும் பாரதத்தையும் பாட்டுப் பாட்டாகப் படித்துவரும் கும்பகோணத்து வாசகர்களாகிய எங்களுக்கு இதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் வந்த கதைகளில் ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அதைச் சொல்லவும், இனி எழுத உட்காருகிறவர்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கவும்தான் இந்தக் கடிதம். நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

கதை சொல்கிற பாத்திரத்துக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது. குறை அதுதான். ஊர்மிளை அயோத்தி அரண்மனையில் இருந்தபடியே பஞ்சவடிக்குச் சூர்ப்பணகை வந்த நாளை விவரிக்கிறாள். கண்ணைக் கட்டிக்கொண்ட காந்தாரி, சபையில் யார் முகம் எப்படிக் கறுத்தது என்று சொல்கிறாள். 'அவன்' என்று இருந்த இடத்தில் 'நான்' என்று போட்டு, கவிக்குத் தெரிந்ததையெல்லாம் பாத்திரத்தின் வாயில் ஏற்றிவிட்டால் போதும் என்று எழுதுகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஒரு பாத்திரம் சொல்லும் கதைக்கு உயிர்நிலை, அந்தப் பாத்திரத்துக்கு என்ன தெரியாது என்பதில் இருக்கிறது.

தமிழுக்கு இது புதிதும் இல்லை. நம் அகப்பாடல் முழுக்கவே 'கூற்று'. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பிரித்து, யார் எங்கே எதைப் பேசலாம் என்று தொல்காப்பியம் வரையறை செய்கிறது. மகள் போன வழியைச் செவிலி தேடித்தான் போகவேண்டும். அவள் எங்கே இருக்கிறாள் என்பது செவிலிக்குத் தெரியாது. தெரியாததால்தான் அந்தப் பாட்டு நிற்கிறது.

இதிகாசத்துக்கு வந்தால் குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியை எடுத்துப் பாருங்கள். ஏழாம் திருமொழி தேவகி புலம்பல், எட்டாவது கோசலையின் தாலாட்டு, ஒன்பதாவது தசரதன் புலம்பல். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஒரு பாத்திரத்தின் வாய்வழியாக முழுப் பதிகம் பாடியிருக்கிறார்கள். எட்டாம் திருமொழி நம் திருக்கண்ணபுரத்துப் பெருமாளைப் பாடுவது. அதில் தொட்டில் குழந்தையைப் பார்த்தே, தென்னிலங்கைக் கோன் முடிகளைச் சிந்துவித்தவன் என்று தாய் பாடிவிடுகிறாள். அங்கே பேசுவது ஆழ்வாரின் பக்தி, அதற்குக் காலத்தின் முன்பின் கிடையாது. கதை எழுதுகிறவர் அதை மாதிரியாக வைத்துக்கொள்ளக் கூடாது. தேவகியின் பதிகம் வேறு. பெற்றவள் அவள், வளர்த்தவள் யசோதை. குழந்தை தவழ்ந்ததும் வெண்ணெய் அள்ளி உண்டதும் தாம்புக்கு அஞ்சி நின்றதும் தன் கண்ணுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் பத்துப் பாட்டும். காணாதவள் என்பதே அவளுடைய கதை. இந்தக் கலையைக் கற்க விரும்புகிறவர் முதலில் படிக்கவேண்டியது இந்தப் பதிகம் என்போம்.

சீர்காழிப் பக்கத்துத் திருமங்கையாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போய், பெரிய திருமொழியின் பத்தாம் பத்தில் இரண்டாம், மூன்றாம் திருமொழிகளைத் தோற்றுப்போன இலங்கை அரக்கர்களின் வாயில் வைத்துப் பாடியிருக்கிறார். எதிர்த்தரப்பின் குரலைக் கேட்பது இந்த மண்ணுக்குப் பழக்கமானதுதான்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் தீர்மானிக்க வேண்டியது மூலம் எது என்பது. 'இராமாயணம்' என்று மொத்தமாகச் சொல்லி எழுத உட்கார்ந்தால் மூன்றாம் பக்கத்தில் கதை இடிக்கும். கம்பனா, வான்மீகியா? வியாசரா, வில்லிபுத்தூராரா? ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காந்தாரியை எழுத விரும்புகிற ஒருவர் வில்லிபாரதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வில்லி பாடியது பத்துப் பருவம், சௌப்திக பருவத்தோடு நிறுத்திவிட்டார். காந்தாரி ஞானக்கண்ணால் களத்தில் ஒவ்வொரு பிணமாகப் பார்த்து அழுவது அதற்கு அடுத்த ஸ்திரீ பருவத்தில், பதினெட்டில் பதினோராவது. எழுத நினைத்த பாத்திரத்தின் மிகப் பெரிய காட்சியே அந்த நூலில் இல்லை! அதற்கு வியாசபாரதத்துக்குப் போகவேண்டும். சமஸ்கிருதம் தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கும்பகோணத்தில் ம. வீ. இராமானுஜாசாரியார் பல பண்டிதர்களைக் கொண்டு மொழிபெயர்த்து வெளியிட்ட பாரதத்தில் பதினெட்டுப் பருவமும் தமிழில் கிடைக்கின்றன.

தலைகீழான நிலையும் உண்டு. தன் மனைவியின் மேகலை மணிகள் சிந்தியபோது, 'எடுக்கவோ கோக்கவோ' என்று துரியோதனன் கேட்டதைக் கர்ணன் நினைவுகூர்வது நமக்கெல்லாம் மனப்பாடம். அது வில்லியில் இருக்கிறது, வியாசரில் இல்லை. துரியோதனன் மனைவியின் பார்வையில் எழுதுகிறவர் இந்தக் காட்சியை வைத்தால், வில்லியின் பாரதத்துக்குள் நிற்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. இலட்சுமணன் கோடு போட்டான் என்று எழுதுகிறவர்களும் ஒருமுறை மூலத்தைப் புரட்டவேண்டும். வான்மீகியிலும் அந்தக் கோடு கிடையாது, கம்பனிலும் கிடையாது.

யார் சொன்னது என்பதையும் பார்க்கவேண்டும். மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் நீரில் விழுந்தபோது திரௌபதி சிரித்தாள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வியாசபாரதத்தின் சபா பருவத்தில் அந்த நிகழ்ச்சியைக் கதைசொல்லி சொல்லும் இடத்தில் வீமன் சிரிக்கிறான், அர்ச்சுனன் சிரிக்கிறான், இரட்டையர் சிரிக்கிறார்கள், வேலைக்காரர்களும் சிரிக்கிறார்கள். திரௌபதி பெயர் அங்கே இல்லை. பின்னால் துரியோதனன் ஊருக்குப் போய்த் தகப்பனிடம் முறையிடும்போதுதான் கண்ணனும் சிரித்தான், பெண்களோடு சேர்ந்து திரௌபதியும் சிரித்தாள் என்று சேர்கிறது. ஒருவனுடைய பார்வையில் கதை எப்படி உருமாறுகிறது என்பதை வியாசரே காட்டிவிட்டார். துரியோதனன் கூற்றாக எழுதினால் அவள் சிரிக்கலாம், சிரிக்கவும் வேண்டும். திரௌபதி கூற்றாக எழுதினால், தான் சிரித்ததாக ஒருவன் நம்பிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்கு எப்போது, யார் மூலம் தெரியவருகிறது என்பதே ஒரு தனிக் கதை.

அடுத்த வேலை ஏடு போடுவது. ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண்டது, கேட்டது (யாரிடம், எப்போது என்பதோடு), அறியாதது, வாய்விட்டுச் சொல்லாதது. மூலத்தைப் படலம் படலமாகப் படித்துப் பாத்திரம் வரும் ஒவ்வோர் இடத்தையும் இவற்றில் ஒன்றில் போடவேண்டும். ஆயிரத்தைந்நூறு சொல் கதைக்கு இந்த ஏடு ஏழெட்டுப் பக்கமாவது வரும். கதையைவிட ஏடு நீளமாக இருந்தால்தான் கதை கச்சிதமாக வரும்.

மாதிரிக்குச் சுமந்திரனை எடுத்துக்கொள்வோம். கர்ணனும் திரௌபதியும் கைகேயியும் போதுமான அளவு பேசிவிட்டார்கள். தேரோட்டியும் அமைச்சனுமான இந்த மனிதன் அயோத்தியா காண்டத்தில் எத்தனை முறை தேரில் ஏறுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். முடிசூட்டப்போகும் செய்தியைச் சொல்லத் தசரதன் இராமனை அழைத்தபோது போய்க் கூட்டிவந்தவன் இவன். மறுநாள் காலை, கைகேயி அழைக்கிறாள் என்று, முடி சூட்டத்தான் என எண்ணி மகிழ்ந்து கூட்டிப்போனவனும் இவனே. பிறகு காட்டுக்குத் தேர் ஓட்டினான். பிறகு வெறுந்தேரை ஓட்டிக்கொண்டு திரும்பினான். நான்கு பயணம், ஒரே தேரோட்டி. கதையின் எலும்புக்கூடு தயாராக நிற்கிறது.

இப்போது மூன்றாம் பத்தி, அதாவது அறியாதது. கைகேயியின் மாளிகையில் இரவு முழுக்க நடந்த வாக்குவாதம் அவனுக்குத் தெரியாது. அவன் வந்தது விடிந்த பிறகு. ஆகவே இரண்டு வரம், தசரதன் தரையில் புரண்டது, கைகேயி அணிகளைக் கழற்றி எறிந்தது எதையும் நேரில் கண்டதாக அவன் சொல்ல முடியாது. வரக் காட்சியை விட்டுவிட்டு அயோத்தியா காண்டத்தை எப்படிச் சொல்வது என்று எழுதுகிறவர் பதறுவார். பதறவேண்டாம். கதவுக்கு வெளியே, நல்ல செய்தி என்று நம்பிக்கொண்டு நின்றவனின் கதை அது. கூட்டிப்போனது நான்தானே என்று பிற்பாடு அவன் நெஞ்சில் குத்துவது, அந்த அறைக்குள் அவன் இல்லாததால்தான் குத்துகிறது.

இனி இரண்டு மூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கம்பனின் தைலமாட்டு படலத்தில் இராமன் தேரில் இரண்டு யோசனை தூரம் போய் ஒரு சோலையில் தங்குகிறான். பின்தொடர்ந்து வந்த ஊரார் களைத்துத் தூங்குகிறார்கள். அன்றிரவே சுமந்திரனிடம், தேரைத் திருப்பி ஓட்டிப் போ, சக்கரத் தடத்தைப் பார்த்து நான் ஊர் திரும்பிவிட்டதாக இவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்கிறான். வான்மீகியில் முதல் இரவு தமசைக் கரையில். அங்கே தடத்தைக் குழப்பித் தேரை ஓட்டிய பிறகும் சுமந்திரன் கூடவே போகிறான், கங்கைக் கரைவரை. குகனைப் பார்க்கிறான். மறுநாள் அவர்கள் படகேறும்போதுதான் திருப்பி அனுப்பப்படுகிறான். அங்கே இராமன் சொல்லும் காரணம், நீ திரும்பிப் போவதைக் கண்டால்தான் நான் காடு சேர்ந்துவிட்டேன் என்று கைகேயி நம்புவாள் என்பது. ஒரே வெறுந்தேர்தான். கம்பனில் அது இராமன் திரும்பிவிட்டான் என்று ஊரை ஏமாற்ற. வான்மீகியில் அவன் போய்விட்டான் என்று மெய்ப்பிக்க. இந்த இரண்டையும் கலந்து எழுதினால் சுமந்திரன் எதற்காகத் தேரோட்டுகிறான் என்பதே வாசகருக்குப் புரியாமல் போய்விடும். இப்படிக் கலப்பது இந்த வகைக் கதைகளில் அடிக்கடி நடக்கிறது.

காலக்கணக்கும் இடிக்கும். வான்மீகியில் சுமந்திரன், மறுபடி கூப்பிடமாட்டானா என்ற ஆசையில் குகனோடு காத்துக்கிடக்கிறான். திரும்பும்போது குதிரைகள் வழியில் நகர மறுத்து வெந்நீராகக் கண்ணீர் விட்டன என்று தசரதனிடம் சொல்கிறான். கம்பனில் எல்லாம் ஒரே இரவு. குகனோடு மூன்று நாள் உட்காரவைத்துவிட்டு, பிறகு கம்பன் சொல்லும் அந்த இரவில் தசரதனைச் சாகவிட முடியாது.

சீதை என்ன சொல்லி அனுப்பினாள்? வான்மீகியில் ஒன்றுமே சொல்லவில்லை. பெருமூச்சு விட்டாள், கணவனின் முகத்தைப் பார்த்தாள், அழுதாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று சுமந்திரன் அரசனிடம் சொல்கிறான். கம்பனில் பேசுகிறாள். அரசர்க்கும் அத்தையர்க்கும் என் வணக்கத்தை முதலில் சொல்; பிறகு, என் பொன்னிறப் பூவையையும் (மைனா) கிளியையும் பார்த்துக்கொள்ளும்படி என் தங்கையரிடம் சொல் என்கிறாள். காட்டுக்குப் போகிற பெண் விட்டுவந்த கூண்டுப் பறவைகளை நினைக்கிறாள். மாமியாரை நம் ஊர்ப் பெண்ணைப் போலவே 'அத்தை' என்கிறாள். சுமந்திரனைக் கதைசொல்லியாக வைத்துக்கொள்கிறவர் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். நாடாளும் அமைச்சனின் கையில் ஒரு கிளிக்கும் ஒரு பூவைக்கும் உரிய செய்தி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற இலக்குவன் அரசனுக்குச் சொல்லி அனுப்புவது நெருப்பு. இரண்டையும் ஒரே தேரில் சுமந்துகொண்டு போகவேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் என்ன ஆயிற்று? தேர் வந்துவிட்டது என்ற பேச்சைக் கேட்டுத் தசரதனுக்கு மயக்கம் தெளிகிறது, இராமன் வந்துவிட்டான் என்று. காலையில் ஊராரை ஏமாற்றப்போகிற அதே வெறுந்தேர் இங்கே அரசனையும் ஏமாற்றிவிட்டது. பிறகு 'நம்பி சேயனோ, அணியனோ' என்று கேட்கிறான். சுமந்திரன் சொல்வது ஒரே வாக்கியம்: 'வேய் உயர் கானம், தானும், தம்பியும், மிதிலைப் பொன்னும் போயினன்.' சொன்ன பொழுதே உயிர் போயிற்று என்று பாட்டு முடிகிறது. தூரமா, பக்கமா என்று கேட்டவனுக்குத் தூரத்தை அவன் சொல்லவில்லை. மூங்கில் உயர்ந்த காடு என்கிறான். இராமன் என்ற பெயரை எடுக்கவில்லை, 'தான்' என்கிறான். சீதை பெயரையும் எடுக்கவில்லை. அரசனுக்குச் சொல்லியனுப்பிய எதுவும் அரசன் காதுக்குப் போகவில்லை. நான்காம் பத்தி, அதாவது வாய்விட்டுச் சொல்லாதது, இந்த இடத்தில் நிரம்பி வழிகிறது. சுமந்திரன் கூற்றாக ஒரு நல்ல கதை எழுத இந்த ஒரு பாட்டே போதும்.

மூலத்திலேயே விடுபட்டிருக்கும் இடைவெளிகளையும் ஏட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கங்கை காண் படலத்தில் பரதனோடு வரும் சுமந்திரன்தான், எதிர்க்கரையில் நிற்பவன் யார் என்று பரதனுக்குச் சொல்கிறான்: கங்கையின் இரு கரையும் உடையவன், எண்ணற்ற படகுகள் உடையவன், உன் அண்ணனுக்கு உயிர்த்துணைவன். கம்பன் கதைப்படி சுமந்திரன் கங்கைக்கு வருமுன்பே திரும்பிவிட்டானே, குகனோடு இராமன் கொண்ட நட்பு இவனுக்கு எப்படித் தெரிந்தது? அமைச்சனுக்கு ஒற்றர் வழியாகச் செய்தி வந்திருக்கும் என்று கொள்ளலாம், ஊர்ப்பேச்சாகவும் இருக்கலாம். அந்த இடைவெளியைக் கதையாசிரியர் தம் கற்பனையால் நிரப்பலாம். கவி பேசாத இடத்தில் எழுதுவது உரிமை. கவி பேசிய இடத்தில் மாற்றி எழுதினால், மாற்றுகிறோம் என்று தெரிந்து, காரணத்தோடு மாற்றவேண்டும்.

வான்மீகியைத் தேர்ந்தெடுப்பவர் உத்தர காண்டத்தை எடுப்பதா விடுவதா என்பதை எழுதத் தொடங்குமுன்பே முடிவு செய்தாக வேண்டும். அங்கே சீதையையும் இலக்குவனையும் கங்கைக் கரைக்குத் தேரில் கொண்டுபோவதும் சுமந்திரன்தான். அதே ஆறு, மறுபடியும் ஒரு காட்டுப் பயணம். திரும்பும் வழியில், இந்தப் பிரிவைத் துர்வாசர் முன்பே தசரதனிடம் சொன்னதாகவும், வெளியே சொல்லாதே என்று அரசன் தன்னைத் தடுத்திருந்ததாகவும் இலக்குவனிடம் சொல்கிறான். இதை ஏற்றுக்கொண்டால் முதல் பயணத்திலும், ஏன், கல்யாணத்தன்றும்கூட, சுமந்திரன் தெரிந்துகொண்டே மௌனமாக இருந்தவன் ஆகிறான். ஏட்டில் மூன்றாம் பத்தியில் இருந்த பலவும் நான்காம் பத்திக்கு வந்துவிடும். முக்கால் கதை எழுதிய பிறகு இது நினைவுக்கு வந்தால் திருத்த முடியாது, முதலிலிருந்து எழுதவேண்டியதுதான். கம்பன் ஆறு காண்டத்தோடு நிறுத்தியதால் கம்பன்வழிச் சுமந்திரனுக்கு இந்தச் சுமை இல்லை.

எழுதும் முறையில் ஒரு நுட்பம். 'பின்னாளில் இலங்கையில் நடக்கப்போவதை அன்று நான் அறியவில்லை' என்று பல கதைகளில் வருகிறது. அறியவில்லை என்று சொல்வதே அறிந்ததைக் காட்டிவிடுகிறது. அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு அந்த நேரத்தில் தேர்த்தட்டில் இருப்பவனுக்கு எட்டுவதை மட்டும் எழுதிப்பாருங்கள்: 'தேர் இலேசாக ஓடியது. கடிவாளத்தை இழுக்கும் முன்பே குதிரைகள் நின்று நின்று பின்னால் திரும்பிப் பார்த்தன. முதுகுப்பக்கம் பேச்சுக்குரல் கேட்காமல் அந்த வழியில் நான் தேரோட்டியதில்லை.' இதில் துயரம் என்ற சொல்லே வரவில்லை.

தொழில் தெரிந்தவன் கண்ணில் படும் விவரம் இப்படிக் கதைக்கு மெய்த்தன்மை தரும். நெல் மூட்டை ஏற்றிப்போன வண்டியின் தடமும் வெறும் வண்டியின் தடமும் ஈரமண்ணில் வேறு வேறாக விழும் என்பது டெல்டாவில் வளர்ந்த எவருக்கும் தெரியும். சுமந்திரனுக்கும் தெரிந்திருக்கும். போகும்போது நால்வர், திரும்பும்போது ஒருவன். விடிந்ததும் ஊரார் தடத்தின் திசையை மட்டும் பார்ப்பார்களா, ஆழத்தையும் பார்ப்பார்களா என்ற அச்சம் அவனுக்கு வரலாம். கம்பன் இதைப் பாடவில்லை. ஆனால் கம்பன் பாடியதற்கு எங்கும் முரணாகவும் இல்லை. கற்பனை எந்த அளவில் நிற்கவேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வோம்.

டெல்டா எழுத்தாளர்கள் கோசலத்தைக் காவிரிக் கரையாக்கிவிடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேரழுந்தூரில் பிறந்த கம்பனே கங்கை காண் படலத்தின் தொடக்கத்தில் கோசலத்தைக் 'காவிரி நாடு அன்ன கழனி நாடு' என்கிறான். 'அன்ன' என்ற உவம உருபோடு நின்றுகொள்கிறான். வயலும் வாய்க்காலும் தாமரைக் குளமும் நம்முடையவையாக இருக்கலாம். சரயு சரயுதான், கங்கை கங்கைதான். குகன் கம்பனில் கொண்டுவந்தது தேனும் மீனும். அவன் சமையலில் மிளகாய் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாம் போர்த்துக்கீசியர் காலத்துக்குப் பிறகு நம் நாட்டுக்கு வந்தவை. காரம் வேண்டுமானால் மிளகு இருக்கிறது. நேரத்துக்கு நாழிகை, சாமம் போதும்: நாழிகை இருபத்துநான்கு நிமிடம், ஏழரை நாழிகை ஒரு சாமம். யோசனையைக் கிலோமீட்டராக மாற்றவேண்டாம், அந்த அளவு நூலுக்கு நூல் வேறுபடும்.

பேச்சுநடை பெரிய தொல்லை. அரண்மனைக்கு ஒரு சாதியின் வழக்கும் வேடனுக்கு இன்னொரு சாதியின் வழக்கும் கொடுக்கிறார்கள். இது தவறு, புண்படுத்துவதும்கூட. கம்பனின் குகன் இராமனுக்கு நிகரான தமிழில் பேசுகிறான். 'மன அழுத்தம்', 'அடையாளச் சிக்கல்' போன்ற இன்றைய சொற்கள் பாத்திரத்தின் வாயில் வந்தால் வாசகர் உடனே இந்த நூற்றாண்டுக்குத் திரும்பிவிடுவார். முழுக்கச் செந்தமிழாக எழுதினாலும் மூச்சு முட்டும். 'ஐய', 'தேவி', 'நம்பி' போன்ற விளிகளை மூலத்திலிருந்து எடுத்துக்கொண்டு மற்றதை இன்றைய எளிய எழுத்து நடையில் எழுதினால் போதும்.

அளவு: பத்திரிகையில் ஒரு பக்கத்துக்கு ஆயிரத்தைந்நூறு சொல் என்றால் சுமந்திரனின் நான்கு பயணத்துக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். முதல் இரண்டுக்கும் சேர்த்து இருநூற்றைம்பது. சோலை இரவுக்கு எழுநூறு. திரும்பும் வழிக்கு முந்நூற்றைம்பது. அரண்மனைக்கு இருநூறே போதும், அந்த ஒற்றை வாக்கியம் அங்கே தனியாக நிற்கவேண்டும். பட்டாபிஷேகம்வரை இழுக்கவேண்டிய அவசியமில்லை.

ஒருவரை உயர்த்துவதற்காக மற்றவர்களையெல்லாம் அற்பராக்குவதும் பரவலாக இருக்கிறது. கைகேயிக்காகப் பேசுகிறவர் கோசலையைச் சூழ்ச்சிக்காரி ஆக்குகிறார், கர்ணனுக்காகப் பேசுகிறவர் அர்ச்சுனனைக் கோழை ஆக்குகிறார். கம்பனும் வியாசரும் எதிர்த்தரப்புக்கும் நியாயம் பேச இடம் கொடுத்தவர்கள். அவர்களைவிடக் குறுகிய மனத்தோடு நாம் எழுதக் கூடாது. உங்கள் பாத்திரம் இன்னொருவரைத் தவறாகப் புரிந்துகொள்ளலாம். அது தவறு என்று வாசகருக்குத் தெரியும்படி ஓர் இடமாவது கதையில் இருக்கவேண்டும்.

சரிபார்க்க நம் பகுதியிலேயே நிறைய இருக்கின்றன. தஞ்சை சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. கும்பகோணம் இராமசாமி கோயில் திருச்சுற்றுச் சுவரில் இராமாயணம் வரிசையாக ஓவியமாக இருக்கிறது; அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் பாத்திரம் எங்கே நிற்கிறது என்று தேடிக்கொண்டே நடந்து பாருங்கள். அதே கோயிலில் அனுமன் வீணையோடு இராமாயணச் சுவடியையும் ஏந்தி நிற்கிறான், தான் வரும் கதையைத் தானே படிப்பவனாக. புள்ளமங்கைக் கோயிலிலும் கும்பகோணம் நாகேசுவரர் கோயிலிலும் சுவரடியில் சோழர் காலத்து இராமாயணச் சிற்பங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் இருக்கின்றன. அவ்வளவு சிறிய கட்டத்துக்குள் எதை வைத்தார்கள், எதை விட்டார்கள் என்று பார்ப்பது சிறுகதை எழுதுகிறவருக்கு நல்ல பயிற்சி. கம்பன் பாட்டெண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆகவே படலத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் தனியாக அச்சிட்டிருக்கும் மிகைப்பாடல்களை மூலப்பாட்டு என்று எண்ணி அவற்றின்மேல் கதையைக் கட்டிவிடாதீர்கள்.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள்கள்: ஒவ்வொரு கதையின் கீழும் 'மூலம்: கம்பராமாயணம், அயோத்தியா காண்டம், தைலமாட்டு படலம்' என்பதுபோல் ஒரே ஒரு வரி அச்சிடுங்கள். எழுதுகிறவர் அதை அனுப்பாவிட்டால் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரியை எழுதுவதற்காகவே அவர் நூலைத் திறப்பார். இடமில்லை என்று கதையைச் சுருக்க நேர்ந்தால் எழுதியவரிடமே கொடுத்துச் சுருக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வெட்டும்போது முதலில் போவது கிளியும் பூவையும்தான். சுமந்திரன் கதைக்கு வில்லேந்திய இராமன் படத்தைப் போடவேண்டாம், ஆளில்லாத ஒரு தேர் போதும். பள்ளி மாணவர்களையும் எழுத அழைக்கிறீர்களானால் முந்நூறு சொல், ஒரே பாத்திரம், ஒரே நாழிகை என்று வரையறுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கம்பராமாயணமும் பாரதமும் படிக்கும் வாசகர்கள் சிலர்,
கும்பகோணம்.